ஆயாவின் உடைந்த பானைகள்

செஞ்சி என்று சொன்னவுடன் கேட்பவரின் கண் மேலே போகும். இராசகிரியின் உச்சியும் கிருஷ்ணகிரியின் மண்டபமும் தேசிங்கு ராசனின் குதிரையும் அவர் நினைவுக்கு வரும். நாள்தோறும் செஞ்சியிலிருந்து பேருந்தேறி இக்கல்லூரிக்கு வருகிறவள் நான், வரலாறு படிக்கிறவளும்கூட. ஆகவே கோட்டையைப் பற்றித்தான் எழுதுவேன் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுத வந்ததோ எங்கள் வீட்டின் பின்புறச் சுவரோரம் வரிசையாக நின்ற ஒன்பது உடைந்த பானைகளைப் பற்றி.

பானைகள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அடியில் விரிசல் கண்ட மண்பானை இரண்டு, வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம் மூன்று, பழைய பெயிண்ட் வாளி ஒன்று, எண்ணெய் டின் இரண்டு, கைப்பிடி போன அலுமினியச் சட்டி ஒன்று. இவற்றில் வளர்ந்தவை எவையும் விதைக்கடையில் வாங்கியவை அல்ல. அடுப்படியில் அரிந்தது போக மிஞ்சியவை. முளைவிட்ட வெங்காயம், இலை கிள்ளிய புதினாத் தண்டு, சுருங்கிப் போன இஞ்சித் துண்டு, கறைபட்ட சேப்பங்கிழங்கு. பிறர் வீட்டில் குப்பைக்குப் போகும் பொருள் எங்கள் வீட்டில் மண்ணுக்குப் போகும். அப்படிச் செய்தவர் என் ஆயா, அப்பாவைப் பெற்றவர்.

சிறு வயதில் எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் வெட்கம்தான். பத்தாம் வகுப்புப் படிக்கையில் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பின்புறம் கை கழுவப் போனவள், "ஏண்டி, உங்க வீட்ல குப்பையக்கூட அடுக்கித்தான் வெப்பீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்று இரவு நான் ஆயாவோடு பெரிய சண்டை போட்டேன். எல்லாவற்றையும் எடுத்துத் தெருமுனையில் கொட்டுவதாகச் சொன்னேன். ஆயா கோபப்படவில்லை. "குப்பதான். யாரு இல்லன்னா? பத்து நாளு போவட்டும். அப்பறம் வந்து சொல்லு, அது குப்பயா இன்னான்னு" என்றார்.

அது 2019ஆம் ஆண்டின் இறுதி. வெங்காயம் விலையேறிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கே தடை விதித்தது. அப்படியும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்பா செஞ்சியில் நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளி. அம்மா கோட்டை வாசலில் கூடையில் வெள்ளரிப் பிஞ்சும் மாங்காயும் வைத்து விற்பவர். எங்கள் வீட்டில் வெங்காயத்தைக் கால் கிலோ கால் கிலோவாக வாங்கினோம். வாங்கியதில் இரண்டு மூன்று பற்கள் முளைவிட்டிருக்கும். ஆயா அவற்றை மட்டும் தனியே எடுத்து, மூக்கு வெளியே தெரியும்படி மண்ணில் பதித்து வைப்பார். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைத் தாள் ஒரு சாண் உயரம் எழுந்துவிடும். அதை அடியோடு பிடுங்காமல் மேலாகக் கிள்ளிக் குழம்பில் போடுவார். கிள்ளக் கிள்ள மறுபடி வரும். கிள்ளாமல் விட்ட ஒன்றிரண்டு, இரண்டரை மாதத்தில் கொத்தாகப் பருத்தன. ஒரு பல் வைத்த இடத்தில் ஐந்து பற்கள். தோழியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு அப்போது வரவில்லை.

விளையாட்டாகப் பார்த்து வந்த இந்தப் பானைகளை நான் மதிக்கத் தொடங்கியது 2020இல். மார்ச் 17ஆம் நாள் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் நாடெங்கும் மூடப்பட்டன. கோட்டை வாசல் அடைபட்டது. அம்மாவின் கூடை பரண்மேல் ஏறியது. ஒரு வாரத்தில் ஊரடங்கு வந்தது. அப்பாவுக்கும் வேலை இல்லை. மே 5ஆம் நாள் சென்னையில் கோயம்பேட்டுச் சந்தையும் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்களால் எங்கள் மாவட்டத்தில் நோய் பரவுகிறது என்ற அச்சத்தில் தெருக்கள் வெறிச்சோடின. ரேஷன் அரிசி இருந்தது, சோறு பொங்கினோம். சோற்றோடு எதைத் தின்பது?

அந்த நாட்களில் ஒன்பது பானைகளும் முறை வைத்துக் கொண்டு எங்களுக்குத் துணை நின்றன. ஒரு நாள் வெங்காயத்தாள், ஒரு நாள் புதினாத் துவையல், ஒரு நாள் பொன்னாங்கண்ணி, இன்னொரு நாள் பருப்புக்கீரை. பக்கத்திலே முருங்கை; அதுவும் ஆயா ஒருமுறை யார் வீட்டிலோ ஒடிந்து கிடந்த போத்தை எடுத்து வந்து நட்டதுதான். இவை எங்கள் வயிற்றை நிரப்பின என்று சொல்லமாட்டேன். வயிற்றை நிரப்பியது அரிசி. ஆனால் வெறுஞ்சோற்றைத் தின்கிறோம் என்ற நினைப்பு ஒரு நாளும் வராமல் காத்தவை அவை. வறுமையில் முதலில் போவது உடம்பின் பலம் அல்ல, மனத்தின் பலம் என்பதை அப்போது அறிந்தேன்.

2022இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். நல்ல மதிப்பெண்கள். அந்த ஆண்டே அப்பா மூட்டையோடு சறுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. மூன்று மாதம் படுக்கை. அதற்குப் பிறகும் சுமை தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் யாரும் என்னைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நானேதான் சான்றிதழ்களை மஞ்சள் பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்கு வீடு. கல்லூரி மாணவிகள் சுடிதார் எடுக்க வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் துணியை மட்டும் விரித்துக் காட்டப் பழகிக்கொண்டேன். "ஒரு வருசம்தான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் முடியும் தறுவாயில் அந்தச் சொல்லை நானே நம்பவில்லை.

இந்த இடத்தில்தான் அலுமினியச் சட்டி வருகிறது. மார்கழியில் ஆயா அதில் ஒரு இஞ்சித் துண்டைப் புதைத்தார். தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. ஒன்றும் வரவில்லை. "அது செத்துப் போச்சு ஆயா. கொட்டிட்டு வேற எதுனா வையேன்" என்று நான்கூடச் சொன்னேன். ஆயா சட்டியை நிழலுக்கு நகர்த்தினாரே ஒழியக் கொட்டவில்லை. 2023 சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்தது. அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விடுமுறை, ஆயா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சட்டியைக் காட்டினார். ஊசி முனை போல ஒரு பச்சை.

"பாத்தியா? அதுக்குக் காலம் வரணும். கண்ணு அவியாம இருந்தாப் போதும், எத்தினி மாசம் ஆனாலும் வந்துரும். நீயும் ஒரு வருசம் மண்ணுக்குள்ளாற கெடந்துட்ட. போதும்டி. போயி அப்ளிகேசனப் போடு."

வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அன்று அழுதேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த ஆண்டே இக்கல்லூரியில் சேர்ந்தேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைத்தது. நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அம்மாவின் கூடை மறுபடி கோட்டை வாசலுக்குப் போனது. அப்பா ஒரு கடையில் இரவுக் காவலுக்குப் போனார். மண்ணும் நீரும் போல இவை எல்லாம் உதவின. ஆனால் கண் அவியவில்லை என்று கண்டு சொன்னவர் ஆயாதான்.

கல்லூரிக்கு வந்த பிறகு அந்தப் பானைகளை வேறு கண்ணால் பார்க்கக் கற்றேன். செஞ்சி வரலாற்றைப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் நூலாக எழுதியிருக்கிறார் என்று வகுப்பில் அறிந்தேன். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் இராசாராம் உள்ளே இருக்கையில், 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி எழுந்தது: அத்தனை ஆண்டுகள் கோட்டைக்குள் இருந்த பெண்கள் எதைச் சமைத்தார்கள்? நெல் வைத்த களஞ்சியம் இன்றும் நிற்கிறது. சுற்றுலா வருகிற எவரும் பார்க்கலாம். கறிக்கு என்ன செய்தார்கள்? பீரங்கிக்கு இருக்கும் இடம் பானைக்கு வரலாற்றில் இல்லை.

ஆனால் நம் காலத்துக்கு அருகில் நடந்த ஒரு முற்றுகையைப் பற்றித் தெரியும். இரண்டாம் உலகப் போரில் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மானியப் படை லெனின்கிராடு நகரைச் சூழ்ந்து நின்றது. பட்டினியால் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். 1942 வசந்தத்தில் எஞ்சியவர்கள் பூங்காக்களையும் சதுக்கங்களையும் கொத்திக் காய்கறி பயிரிட்டார்கள். புகழ்பெற்ற புனித ஈசாக் பேராலயத்தின் எதிரே முட்டைக்கோசு விளைந்தது. அதே நகரில் வாவிலோவின் தாவர ஆய்வு நிலையத்தில் உலகெங்கும் திரட்டிய விதைகளும் உருளைக்கிழங்குகளும் இருந்தன. காவல் இருந்த அறிஞர்களில் சிலர் பசியால் இறந்தார்கள். ஆனால் அவற்றைத் தின்னவில்லை. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு ஆயாவின் கை நினைவுக்கு வந்தது. கடைசி வெங்காயத்தைக் குழம்பில் போடாமல் மண்ணில் வைத்த கை அது.

ஆர்வம் மேலிட்டு, தாவரவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். "ஐயா, கேரட்டின் தலையை வெட்டி வைத்தேன். இலை வருகிறது, கேரட் வரவில்லையே, ஏன்?" என்று கேட்டேன். வரலாற்றுத் துறை மாணவி இதைக் கேட்கிறாளே என்று அவர் முதலில் வியந்தார். பிறகு அரை மணி நேரம் விளக்கினார்.

கணு இருக்கும் இடத்தில் மொட்டு இருக்கும்; மொட்டு இருக்கும் இடத்தில் செடி இருக்கும். இஞ்சி, சேம்பு, உருளை ஆகியவை மண்ணுக்குள் இருந்தாலும் வேர்கள் அல்ல, தண்டுகள். ஆகவே அவற்றில் கண் உண்டு. வெங்காயத்தின் அடியில் தட்டையாக இருப்பதும் தண்டுதான். அது விரலளவு மிஞ்சினாலே தாள் விடும். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் அப்படி அல்ல. நாம் உண்பதில் பெரும்பகுதி வேர். தலையில் மட்டும் சிறிது தண்டு உண்டு. அது தன்னிடம் எஞ்சிய உணவைச் செலவழித்து இலை விடும். போன கிழங்கைத் திரும்ப உண்டாக்காது. இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். 1958இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டு என்ற அறிஞர், கேரட் வேரின் உயிரணுக்களை இளநீர் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுச் செடியையே உண்டாக்கினார். நம் இளநீர்! அடுப்படியில் ஆகாதது ஆய்வுக்கூடத்தில் ஆனது. இன்றைய திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளுக்கு வழி காட்டிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

அவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார். துண்டிலிருந்து வரும் செடி தாயின் அச்சு. தாயின் குணம் எல்லாம் அதற்கு உண்டு. தாயின் நோயும் உண்டு. அயர்லாந்து மக்கள் பெரும்பாலும் ஒரே வகை உருளையைக் கிழங்கு வைத்தே பயிரிட்டு வந்தார்கள். 1845இல் வந்த கருகல் நோய் அத்தனையையும் அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது. நம் பக்கத்து மரவள்ளியின் தேமல் நோயும் நோயுற்ற கரணையை நடுவதால் பரவுகிறது. ஆகவே அழுகல், புள்ளி, சுருட்டை கண்ட துண்டை நடக் கூடாது. ஒரே செடியிலிருந்து ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல.

ஆயாவின் முறையையும் ஐயாவின் விளக்கத்தையும் சேர்த்து, விரும்புவோர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எளிதில் வருபவை புதினா, பொன்னாங்கண்ணி, பசலை, பருப்புக்கீரை. இலை கிள்ளிய பின் முற்றிய தண்டாகப் பார்த்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் போதும். புதினாவைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். ஆனால் நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். இல்லையேல் புதினாவுக்கு முன் கொசு வளரும். இஞ்சிக்கும் சேம்புக்கும் பொறுமை வேண்டும். சேம்புக்கு ஆறு மாதம், இஞ்சிக்கு எட்டு ஒன்பது மாதம். கறிவேப்பிலைக் காம்பை நட்டுக் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் வராது. கொத்தமல்லிக்குத் தனியாவை இரண்டாக உடைத்துத் தூவுவதே மேல். உருளை எங்கள் ஊர் வெயிலில் இலையாகப் போய்விடும். மார்கழிக் குளிரில் கோலிக்குண்டு அளவுக்குச் சில கிடைத்தன. பச்சை படிந்த உருளையை மட்டும் தின்னக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. மண்ணோடு மட்கிய எரு கலந்து, அரிசி கழுவிய நீரை ஊற்றுங்கள். பானையின் அடியில் ஓட்டை இருக்கட்டும். உடைந்த பானையே சிறந்தது என்று ஆயா சொன்னதன் காரணம் அதுதான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி மேல்சித்தாமூர்ப் பக்கத்தைச் சேர்ந்த சமணக் குடும்பத்தவள். அவள் வீட்டில் மண்ணுக்குள் விளையும் கிழங்கைத் தொடுவதில்லை. ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. அவள் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆயா மனம் புண்படுவாரோ என்று தயங்கித் தயங்கி இதைச் சொன்னாள். ஆயா முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க அதுல உசுரு இருக்குதுன்னு திங்கல. நானு உசுரு இருக்குதுன்னு திரும்ப வெக்கறேன். ரெண்டு பேருக்கும் உசுரு இருக்கறது தெரிஞ்சிருக்குது, அவ்ளோதான்" என்றார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத என் ஆயாவுக்கு இப்படி ஒரு பேச்சு எங்கிருந்து வந்ததோ, அறியேன்.

2024ஆம் ஆண்டு முழுவதும் ஒரு நோட்டில் கணக்கு எழுதினேன். பானைகளிலிருந்து என்ன கிடைத்தது, கடையில் வாங்கினால் என்ன விலை என்று. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. ஏமாற்றத்தோடு ஆயாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "போன வருசத்துக்கு இந்த வருசம் நம்ம வூட்டுக் குப்பக்கூட எம்மாம் கொறஞ்சிருக்குது, அத எழுதுனியா?" நான் எழுதவில்லை. 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஒன்பது பானைகள் அதைக் குறைத்துவிடா. ஆனால் முளை இருக்கிறதா என்று பார்த்து எறியப் பழகிய கை, எதையும் பாராமல் எறியாது. ஆயா சொல்ல வந்த கணக்கு அது.

2025 பங்குனியில் ஆயா காலமானார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினர் வந்து வீட்டைச் சுத்தம் செய்தார்கள். நான் கல்லூரித் தேர்வுக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பினால் சுவரோரம் வெறுமையாக, சாணம் மெழுகி, கோலம் போட்டுக் கிடந்தது. "அசிங்கமா இருந்துச்சும்மா, எல்லாத்தயும் எடுத்துக் கொட்டிட்டோம்" என்றார் ஒரு பெரியம்மா. அவர் மேல் குற்றம் இல்லை. பத்தாம் வகுப்பில் நானும் அதைத்தானே சொன்னேன்!

விளக்கேற்றும் நேரத்தில் தெருமுனைக் குப்பைமேட்டுக்குப் போனேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ தெரியாது. கைப்பேசி வெளிச்சத்தில் தேடினேன். எண்ணெய் டின்னும் குடங்களும் நசுங்கியிருந்தன. வாடிய புதினாத் தண்டு நான்கு கிடைத்தது. அலுமினியச் சட்டி கவிழ்ந்து கிடக்க, அதன் மண்கட்டிக்குள் விரல் நீளத்தில் ஓர் இஞ்சித் துண்டு, காய்ந்த கட்டை போல. புரட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கண், அவியாமல் இருந்தது.

புதினாவில் இரண்டு பிழைத்தன. வைகாசியில் இஞ்சி முளைத்தது. ஜூலை 11ஆம் நாள் மராத்தியப் படைக்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். காக்கத் தக்கது எது என்று உலகம் கூடி முடிவு செய்வது நல்லதுதான். வீட்டுக்குள் அதை முடிவு செய்பவர்கள் நாம்.

இப்போது சுவரோரம் ஐந்து பானைகள் நிற்கின்றன. புதினா வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது. தோழர்களே, தோழியரே, விரும்புவோர் ஒரு பழைய டம்ளரோடு வரலாற்றுத் துறைக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு தண்டு தருகிறேன். நடும்போது கணு மண்ணுக்குள் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு